மாணவர் கையில் ஓர் அளவுகோல்

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அதையொட்டித் தமிழகத்தின் பெரும்பாலான கல்லூரிகளில் ஒரே காட்சியைக் காணலாம். சிறப்பு விருந்தினர் வருவார். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முன்கூட்டியே தோண்டி வைத்த குழியில் ஒரு மரக்கன்றை நட்டு, பூவாளியால் நீர் ஊற்றுவார். பின்னணியில், நெகிழியைத் தவிர்ப்போம் என்ற வாசகம் நெகிழித் துணியிலேயே அச்சிடப்பட்டுத் தொங்கும். புகைப்படம் எடுத்து முடிந்ததும் கூட்டம் தேநீர் அருந்தக் கலையும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. கீழைச் சமவெளியில் ஜூன் மாதம் நடப்படும் கன்று அதுவரை நான்கு மாதங்கள் ஊற்று நீரை நம்பியே உயிர் வாழ வேண்டும். அந்த நான்கு மாதங்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி விழா நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுவதில்லை.

மரம் நடுவதை நான் குறை கூறவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கலை அறிவியல் கல்லூரிகளில் பாடம் நடத்தியவன் என்ற முறையில், மாணவர்களின் ஆற்றல் ஒரே ஒரு சடங்குக்குள் சுருங்கிப்போவதைக் கண்டு வருந்துகிறேன். சுற்றுச்சூழலுக்காக மாணவர்கள் செய்தவற்றுள் காலத்தைக் கடந்து நின்ற பணிகளை எண்ணிப் பார்த்தால், அவை பெரும்பாலும் நடுதலில் தொடங்கவில்லை. கவனித்தல், அளத்தல், பதிவு செய்தல் ஆகியவற்றிலேயே தொடங்கின.

சென்னையிலேயே அதற்குச் சான்று உண்டு. 1970-களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய இளம் நண்பர்களும் இரவு நேரங்களில் கடற்கரையில் நடந்து பங்குனி ஆமைகளின் கூடுகளைத் தேடினர். அக்குழுவில் இருந்தவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐஐடியில் பொறியியல் படிக்க வந்த அவரைக் கடல் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பின்னாளில் லட்சத்தீவு முதல் அந்தமான் நிகோபார் வரை கால்நடையாகவே கரைகளை அளந்து, இந்தியக் கடலாமை ஆய்வுக்கு அடித்தளம் இட்டவர் அவர். 1982-இல், ஆள் நடமாட்டமில்லாத சுஹேலித் தீவில் மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியே தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். அந்த மரபின் தொடர்ச்சியாக, 1988-இல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தொடங்கினர். இன்றும் ஜனவரி பிறந்துவிட்டால், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் நள்ளிரவில் அவர்கள் நடக்கிறார்கள்.

அந்த நடையில் என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆமை கரையேறிச் சென்ற தடத்தை மணலில் இனங்காண்கிறார்கள். முட்டையிட்ட இடத்தைக் கண்டறிந்து, குழியின் ஆழத்தையும் வடிவத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். ஏறத்தாழ நூறு முட்டைகளையும் எண்ணி எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டு சென்று, அதே அளவுள்ள குழியில் புதைக்கிறார்கள். சுமார் 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றின் பால் மணலின் வெப்பத்தைப் பொறுத்து அமைவது. வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் மிகும். எனவே வெப்பநிலைக் குறிப்பும் முக்கியமாகிறது. வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி நகர்வது குஞ்சுகளின் இயல்பு. இயற்கையில் அந்த வெளிச்சம் கடலின் பக்கம் இருந்தது. இன்றைய சென்னையில் அது சாலை விளக்கின் பக்கம் இருக்கிறது. வழிதவறும் குஞ்சுகளைக் கடலில் சேர்ப்பதற்கும் ஆள் வேண்டும். இவற்றுள் எதையும் ஒரே நாளில் விழாவாக நடத்த முடியாது. தூக்கத்தை இழக்க வேண்டும். குறிப்பேட்டை நிரப்ப வேண்டும். ஒரு கூடும் கிடைக்காத இரவையும் ஓர் இரவாகவே பதிய வேண்டும்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அந்தக் குறிப்பேடுகளின் மதிப்பு வெளிப்பட்டது. முந்தைய ஆண்டுகளின் கணக்கு இருந்தால்தான், இந்த ஆண்டு நிகழ்ந்தது வழக்கத்துக்கு மாறானது என்று ஒருவர் உறுதியாகச் சொல்ல இயலும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து அந்த இறப்புகளை விசாரணைக்கு எடுத்தது. இழுவைமடி விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைல்களுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்ற பழைய விதியும், வலையில் ஆமை விலக்குக் கருவியைப் பொருத்தும் கடமையும் மீண்டும் பேசுபொருளாயின.

இதே போன்ற இன்னொரு நிகழ்வு தில்லியைச் சேர்ந்தது. 1979-இல் தில்லி மேட்டுக் காடு அழிக்கப்படுவதை எதிர்த்துப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் தொடங்கிய குழு கல்பவிருக்ஷ். 1983-இல் அக்குழுவும் இந்துக் கல்லூரியின் இயற்கை மன்றமும் இணைந்து நர்மதைக் கரையோரமாகச் சுமார் ஐம்பது நாள்கள் பயணம் செய்தன. கட்டப்படவிருந்த அணைகளால் மூழ்கப்போகும் ஊர்களையும் காடுகளையும் நேரில் கண்டு எழுதிய அவர்களது அறிக்கை, அந்தத் திட்டத்தைக் கேள்விக்கு உட்படுத்திய தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று. எழுதியவர்களுக்கு அப்போது இருபது வயதை ஒட்டிய அகவைதான். கேரளத்தில், பையனூர்க் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஜான் சி. ஜேக்கப் எழுபதுகளிலேயே மாணவர்களை இயற்கை முகாம்களுக்கு அழைத்துச் சென்றார். அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் இயக்கத்தில் முன்னின்ற எம்.கே. பிரசாதும் ஒரு கல்லூரித் தாவரவியல் ஆசிரியர்தான். மாணவர் இயக்கம் வலுப்பெற்ற இடங்களில், வகுப்பறைக் கதவைத் திறந்துவிட்ட ஓர் ஆசிரியரும் இருந்திருக்கிறார்.

அந்தக் கதவு சட்டப்படி எல்லாக் கல்லூரிகளிலும் திறந்தே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமெனப் பணித்தது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு, எல்லா இளநிலைப் பட்ட மாணவர்களுக்கும் உரிய ஆறு மாதப் பாடம் ஒன்றை இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வடிவமைத்தது. மொத்தம் 50 பாடவேளைகள். அவற்றுள் 5 களப்பணிக்கு. மதிப்பெண் பங்கீடோ அதைவிடத் தாராளமானது: 100-இல் 25 களப்பணிக்கு. உள்ளூர் ஆறு, காடு, புல்வெளி, குன்று ஆகியவற்றை ஆவணப்படுத்தலாம். மாசடைந்த இடம் ஒன்றைப் பார்வையிடலாம். பொதுவான செடிகள், பூச்சிகள், பறவைகளைக் கற்கலாம். குளத்தை ஒரு சூழல் மண்டலமாக ஆராயலாம். பாடத்திட்டத்திலேயே இவை உள்ளன.

நடைமுறையில் அந்த 25 மதிப்பெண்கள் எவ்வாறு ஈட்டப்படுகின்றன என்பதை ஆசிரியர்கள் அறிவர். சென்ற ஆண்டின் ஏடு இந்த ஆண்டுக்குக் கைமாறும். இணையத்தில் எடுத்த படம் ஒட்டப்படும். அமேசான் காடுகளைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதும் மாணவி, தான் நாள்தோறும் பேருந்தில் கடந்து வரும் கண்மாயின் பெயரை எழுதுவதில்லை. அது அவள் குற்றமன்று. கண்மாயின் பெயரைக் கேட்பவர் எவரும் இல்லை.

கேட்டபோது என்ன நடந்தது என்பதற்கு எடுத்துக்காட்டாக ஒன்றைக் கூறுகிறேன். சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து வணிகவியல் படித்த மாணவர் அவர். வகுப்பில் அதிகம் பேசமாட்டார். களப்பணிக்குக் கல்லூரியை அடுத்துள்ள கண்மாயை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மூன்று வாரங்களில் அவர் கொண்டுவந்த ஏடு எனக்கே பாடமாக அமைந்தது. வரத்துக்கால், உள்வாய், கரை, மடை, கலுங்கு என ஒவ்வொன்றையும் குறித்து, கையால் வரைந்த வரைபடம் அதில் இருந்தது. அவருடைய தாத்தா ஊரில் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர் என்பதை அதன் பிறகே அறிந்தேன். வரைபடத்தின் வடக்கு மூலையில் வரத்துக்கால் ஓரிடத்தில் சட்டென்று நின்றது. மாணவர் அங்கே சிவப்பு மையால் ஒரு கோடு இட்டிருந்தார். அந்தக் கோடு எங்கள் கல்லூரியின் புதிய சுற்றுச்சுவர்.

ஏட்டுக்கு முழு மதிப்பெண் வழங்கினேன். அதன் படியை நிர்வாகத்தின் மேசைக்கும் கொண்டு சென்றேன். மாணவர்கள் தங்கள் படிப்பைக் கவனித்தால் போதும் என்று முதலில் பதில் வந்தது. இரண்டு மழைக்காலங்களில் விளையாட்டுத் திடலில் முழங்கால் அளவு நீர் தேங்கிய பிறகு, சுவரின் அடியில் ஒரு சிமென்ட் குழாய் பதித்தார்கள். கால்வாயின் அகலத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத குழாய். முதல் மழையிலேயே அதைக் குப்பை அடைத்துக்கொண்டது. அதற்குள் அந்த மாணவர் பட்டம் பெற்றுத் திருப்பூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டார்.

வளாகத்துக்கு வெளியே இருக்கும் ஆலையின் கழிவைப் பற்றி மாணவர் எழுதினால் அது சமூக அக்கறை எனப்படும். வளாகத்தின் கழிவைப் பற்றி எழுதினால் அது ஒழுங்கீனமாகிவிடுகிறது. இந்த இரட்டை நிலை நீடிக்கும் வரை, பசுமை வளாகம் என்ற சொல் பெயர்ப்பலகையைத் தாண்டாது.

வளாகத்திலேயே அளக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆயிரம் மாணவர் உண்ணும் விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு நாளில் தட்டில் மிச்சம் வைப்பது வெறும் 100 கிராம் என்று கொண்டாலும், மொத்தம் 100 கிலோ. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், சராசரியாக நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவை உண்டாக்கும் நிறுவனங்களைப் பெருமளவு கழிவு உருவாக்குவோர் என வகைப்படுத்தின. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அதில் அடங்கும். கழிவைத் தரம் பிரிப்பதும், மட்கும் கழிவை இயன்றவரை தம் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றுவதும் அவற்றின் கடமை என்றும் அவ்விதிகள் கூறின. சமையற்கூடக் கழிவையும் தாளையும் சேர்க்காமலே, தட்டு மிச்சத்தாலேயே அந்த எல்லைக்கு ஒரு விடுதி வந்துவிடுகிறது. தன் கல்லூரி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அறிய ஒரு தராசும் ஒரு வாரமும் போதும். மிச்சத்தை நாள்தோறும் எடை போட்டு, உணவுக்கூட வாசலில் கரும்பலகையில் எழுதி வைத்தாலே எண் குறையத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். மிச்சம் உண்மையில் எதைச் சொல்கிறது என்பதும் அப்போது தெரியவரும். நாங்கள் எடை போட்ட வாரத்தில் மிகுதியாக வீணானது செவ்வாய்க்கிழமை உப்புமா. மாணவர்களின் பொறுப்பின்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த விடுதிக் குழு, அதன் பிறகு உணவுப் பட்டியலைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

அந்த ஈரக் கழிவு தனியே குவிந்தால் நாறும். காய்ந்த இலையோடு அடுக்கடுக்காகக் கலந்து, அவ்வப்போது புரட்டிக் காற்றோட்டம் கொடுத்தால் இரண்டு மூன்று மாதங்களில் உரமாகும். வேடிக்கை என்னவென்றால், பல வளாகங்களில் காலையில் சருகைக் கூட்டி எரிக்கிறார்கள். மாலையில் ஈரக் கழிவை வண்டியில் ஏற்றி வெளியே அனுப்புகிறார்கள். ஒன்றுக்கு மற்றது தேவை என்பதை எண்ணிப் பார்ப்பவர் இல்லை. வெளியே என்பது எங்கே என்பதையும் மாணவர்கள் கேட்க வேண்டும். தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகப் பெருங்குடிக் கிடங்குக்குச் சென்றது. அந்தக் கிடங்கு அமைந்திருப்பது, 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீது.

நீரையும் இவ்வாறே கணக்கிடலாம். நகர்ப்புற வீட்டுத் தேவைக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வழங்கும் அளவுகோல். ஆயிரம் பேர் விடுதிக்கு அது 1,35,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகளில் பதினொன்றுக்கு மேல். 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் ஏறத்தாழ வறண்டபோது இத்தகைய கணக்கு எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது. மழை பெய்ததும் மறந்துபோனது. ஒழுகும் குழாயின் அடியில் ஒரு குவளையை வைத்து ஒரு மணி நேரம் காத்திருப்பது, எந்தத் துறை மாணவருக்கும் இயலக்கூடிய ஆய்வுதான்.

வளாகங்களின் நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்னை ஐஐடி, கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் எழுந்தது. அதனால்தான் வெளிமானும் புள்ளிமானும் அங்கே மாணவர்களோடு வாழ்கின்றன. 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகத்தில், வேதியியல் பேராசிரியரான எட்வர்டு பார்ன்ஸ் அங்கிருந்த தாவரங்களை ஆராய்ந்து, மரங்களை வளர்த்தெடுத்தார். இன்று அவ்வளாகம் புறநகரில் எஞ்சிய அரிய புதர்க்காடுகளுள் ஒன்று. ஆனால் காரையும் களாவும் சூரையும் அடர்ந்த இத்தகைய முட்புதர் நிலத்தைத் தரிசு என்று கருதி, பொக்லைன் கொண்டு வழித்துவிட்டு, அங்கே வரிசையாக மரக்கன்று நட்டுப் பசுமைப் பரப்பு என்று கணக்குக் காட்டும் கல்லூரிகளும் உள்ளன. நடுவதற்கு முன் அங்கே என்ன இருக்கிறது என்று பட்டியலிட்டால் இந்தத் தவறு நேராது. ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் வளாகப் பறவைக் கணக்கெடுப்பும் நடைபெறுகின்றன. பதினைந்து நிமிடம் நின்று பார்த்து எண்ணி, இ-பேர்டு தளத்தில் பதிவேற்றினால் அது உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குப் பயன்படும் தரவாகிறது. இருநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் தவிட்டுக்குருவியையும் செம்போத்தையும் அடையாளம் காணக் கண்ணே போதும்.

மாணவர்களைக் களத்துக்கு அனுப்புவோர் நினைவில் கொள்ள வேண்டிய எச்சரிக்கையும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோது, மீனவர்களோடும் பணியாளர்களோடும் கல்லூரி மாணவர்களும் நின்று, எண்ணெய்க் கசடை வாளிகளால் அள்ளினார்கள். நாடே பாராட்டியது. நச்சுத்தன்மை கொண்ட அந்தக் கசடை அள்ள ஏன் இளைஞர்களின் கைகள் தேவைப்பட்டன என்ற கேள்வி, பாராட்டின் ஓசையில் அமுங்கியது. மாணவர்கள் கூலியில்லாத் துப்புரவுப் படையல்லர். பொறுப்பு யாருடையதோ அவரைக் கேள்வி கேட்கும் பயிற்சியும் சுற்றுச்சூழல் கல்வியின் பகுதிதான்.

இடையூறுகள் உண்மையானவை. அரசுக் கலைக் கல்லூரியில் பயில்வோரில் பலருக்கு மாலைப் பேருந்து ஒன்றுதான். அதைத் தவறவிட்டால் வீடு சேர இரவாகிவிடும். மாணவியரைக் களப்பணிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவர். பகுதிநேர வேலைக்குச் செல்பவரிடம் தன்னார்வத்தை எதிர்பார்ப்பது பொருந்தாது. ஆகவேதான் இந்தப் பணி வகுப்பு நேரத்துக்குள், மதிப்பெண்ணோடு நடக்க வேண்டும் என்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அதில் ஒரு பகுதியை வளாகத்தின் கணக்கெடுப்புக்கு ஒதுக்கினாலும் போதுமானது. இன்னொரு சிக்கல், மூன்றாண்டில் மாணவர் வெளியேறிவிடுவது. அதற்கு மருந்து, துறை அலுவலகத்தில் நிலையாக இருக்கும் ஒரு பதிவேடு. மூன்றாமாண்டு மாணவர் முதலாமாண்டு மாணவரிடம் அதைக் கையெழுத்திட்டு ஒப்படைக்கட்டும்.

தரமதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் இன்று பசுமைத் தணிக்கையும் ஆற்றல் தணிக்கையும் செய்கின்றன. நாக் அமைப்பின் மதிப்பீட்டு அளவைகளில் அவற்றுக்கு இடமுண்டு. வெளியாள் ஒருவர் ஒரு நாள் வந்து சென்று அச்சிட்டுத் தரும் அறிக்கையோடு, மாணவர்கள் ஆண்டு முழுவதும் எடுத்த அளவீடுகளையும் இணைக்கலாம். கண்மாய், கால்வாய் பற்றிய களப்பணி ஏடுகளின் படிகளை ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் அனுப்பலாம். அவற்றை நூலகத்தில் ஆண்டுவாரியாக அடுக்கி வைப்பதற்கு அலமாரி ஒன்றைத் தவிர வேறு செலவு இல்லை. இப்போது அந்த ஏடுகள் தேர்வு முடிந்த மறுமாதம் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போகின்றன. மேலே குறிப்பிட்ட வணிகவியல் மாணவரின் ஏட்டை நான் கொடுக்கவில்லை. அடுத்து அந்தப் பகுதியில் களப்பணிக்கு வரும் மாணவர் கேட்டால், வரைபடத்தை எடுத்துக்கொண்டு வடக்கு மூலையிலிருந்து தொடங்கலாம்.